துணி போர்த்திய சுரூபங்கள்

அத்தியாயம் 7

முதல் கல் டெனிஸின் காதோரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. இரண்டாவது கல் குறி தவறி போலீஸ் ஜீப்பின் கண்ணாடியை நொறுக்கியது. அதற்கப்புறம் வந்தவற்றை யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

அஸ்தினாபுரம் வியாகுல மாதா கோயில் வாசலில் அன்று பிற்பகல் கூடியிருந்தவர்கள் ரவுடிக் கூட்டம் இல்லை. டீச்சர்கள், பேங்க் உத்தியோகஸ்தர்கள், ஞாயிறு தவறாமல் பாடல் குழுவில் பாடுகிறவர்கள். கொலையுண்ட சவுரிமுத்து வாத்தியாரின் அடக்கப் பூசைக்குக் கையில் ஜெபமாலையோடு வந்தவர்கள். வாத்தியாரின் இளைய மகன் டெனிஸ் கைவிலங்கோடு ஜீப்பிலிருந்து இறங்கியதைப் பார்த்ததும் ஜெபமாலைகள் பைக்குள் போயின. கைகள் கல்லைத் தேடின. நல்லவர்களுக்குக் கோபம் வந்தால் ரவுடிகளே ஒதுங்கி நிற்க வேண்டியதுதான்.

"அப்பனை அடிச்சுக் கொன்னுட்டு அழ வந்திருக்கான் பாருங்க! இவன் இந்தக் கோயில் வாசப்படியை மிதிக்கலாமா?"

முழங்கியவர் சூசைநாதன். டெனிஸின் தாய்மாமன். கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் துணைத் தலைவர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றும் உடம்புக்கு ஓய்வு கொடுக்காத மனிதர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெஞ்சுக் குழியில் சிலுவை டாலர். அவர் குரல் எழும்பியதுதான் தாமதம், ஒருவன் டெனிஸின் காலரைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். இன்னொருவன் செருப்பைக் கழற்றி அவன் வாயிலேயே அடித்தான். விலங்கு போட்ட கைகளால் முகத்தை மறைக்க முயன்ற டெனிஸின் விலாவில் யாரோ ஷூ காலால் உதைத்தார்கள். பல்லோடு சேர்ந்து ரத்தம் வெளியே வந்தது.

"நான் இல்ல... அப்பா மூஞ்சியை ஒரு தடவை..." என்று அவன் சொல்ல வந்ததைக் கேட்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை.

ஆஸ்டின் அந்தக் கும்பலுக்குள் பாய்ந்தான். ஆஸ்டின், துப்பறியும் நிபுணர் ஹேமாவதியின் உதவியாளன். உதவி என்றால் பைக் ஓட்டுவது, டீ வாங்குவது, அடி வாங்குவது. இன்று மூன்றாவதற்கான முறை. டெனிஸுக்கு வந்த மூன்று குத்துகளைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டு அவனை இழுத்துக்கொண்டு ஓடினான். இன்ஸ்பெக்டர் சுப்பராயலு லத்தியைச் சுழற்றி வழி உண்டாக்கினார். கோயிலை ஒட்டிய மறைக்கல்வி வகுப்பறைக்குள் நுழைந்து கதவைத் தாழிட்டபோது வெளியே கதவில் தடதடவென்று அடி விழுந்துகொண்டிருந்தது.

உள்ளே ஹேமாவதி ஏற்கெனவே ஒரு குட்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டெனிஸின் மனைவி ஜெனி. நகை இல்லாத கழுத்து, வெள்ளைப் புடவை. படப்பையில், சுரூபங்களை ஏற்காத ஒரு ஜெபவீட்டுச் சபையைச் சேர்ந்தவள். கல்யாணத்துக்கு அப்புறம் டெனிஸும் அந்தச் சபைக்குப் போய்விட்டான். அதுதான் இந்தப் பங்கு மக்களுக்கு அவன்மேல் இருந்த முதல் கோபம். தன் கணவனைக் காப்பாற்றச் சொல்லி ஹேமாவதியிடம் வந்தவள் இந்த ஜெனிதான்.

புடவைத் தலைப்பால் டெனிஸின் காதை அழுத்திப் பிடித்தபடி ஜெனி கேட்டாள். "அக்கா, இவரு ராத்திரிக்குள்ள செத்துடுவாரா?"

"நான் இருக்கும்போதா?" என்றார் சுப்பராயலு. குரலில் வீறாப்பு இருந்தது, முகத்தில் இல்லை. "மேடம், ஓப்பனா சொல்றேன். அப்பாவோட குழியில மண் போட மாஜிஸ்ட்ரேட் பர்மிஷன் குடுத்திருக்காரு. என்கிட்ட இருக்கிறது மூணு கான்ஸ்டபிள். இந்தக் கூட்டம் கல்லறையில மறுபடி மேல விழுந்தா என்னால தடுக்க முடியாது. பையனைப் பொணமாத்தான் கொண்டு போகணும்."

"அப்ப அதுக்குள்ள கொலைகாரனைக் காட்டிடுவோம்" என்றாள் ஹேமாவதி, ஏதோ பஸ் வந்துவிடும் என்பது போல.

"கொலைகாரன் இதோ இருக்கான். போன மாசம் தெருவுல நின்னு 'இந்த விக்கிரகத்தையெல்லாம் ஒருநாள் உடைக்கிறேன் பாரு'ன்னு அப்பாகிட்ட கத்தினவன். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வாத்தியார் வீட்டுல ரத்தத்தோட நின்னவன்."

"சாப்பாடு கொண்டு போனேன் சார்" என்றான் டெனிஸ், உடைந்த வாயால். "சண்டை போட்டாலும் ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு எங்க வீட்டுச் சாப்பாடுதான்."

ஹேமாவதி கைப்பேசியை எடுத்து ஒரு படத்தை இன்ஸ்பெக்டரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். சவுரிமுத்து வாத்தியார் வீட்டுச் சாமி பீடம். அதன் காலடியில்தான் அவர் கிடந்தார். பித்தளை மெழுகுத்திரித் தண்டால் அடித்த அடியில் முகம் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. அடித்தவன் தண்டைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருந்தான். அதைவிட விசித்திரம் பீடத்தின் மேல் இருந்தது. மாதா, அந்தோணியார், சூசையப்பர் என்று இருந்த சுரூபங்கள் எல்லாவற்றையும் தலையோடு சேர்த்து ஊதாத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

"ஆஸ்டின், உங்க ஆளுங்க எப்ப இப்படி மூடுவீங்க?"

"தவக்காலக் கடைசியில மேடம். ஈஸ்டருக்கு முன்னாடி. எங்கம்மா வீட்டுல இருக்கிற சுரூபத்தையும் விடாது, மூடிடும். ஈஸ்டர் முடிஞ்சா துணி அலமாரிக்குள்ள போயிடும். இப்ப ஈஸ்டர் போயே மாசம் ஒண்ணு ஆச்சு."

"ஆக, கொலை பண்ணினவன் அலமாரியைத் திறந்து, துணியைத் தேடி எடுத்து, மூடியிருக்கான். சுரூபத்து மேல ரத்தத் துளி இருக்கு, துணியோட வெளிப்பக்கம் சுத்தமா இருக்கு. அடிச்சதுக்கு அப்புறம்தான் மூடியிருக்கான்."

"வெறுப்புல மூடியிருப்பான்" என்றார் சுப்பராயலு.

"வெறுக்கிறவன் உடைப்பான் சார். பயப்படுறவன்தான் மூடுவான். டெனிஸுக்கு அது வெறும் சிமெண்டு பொம்மை. பொம்மைக்கு யாராவது பயப்படுவாங்களா? மூடினவன் அந்தக் கண்ணெல்லாம் தன்னைப் பார்க்குதுன்னு நம்புறவன்." படத்தைச் சற்று நகர்த்தினாள். "இது யாரு?"

பீடத்துக்கு மேலே சுவரில் ஒரு ஃபோட்டோ. அதன் மேலும் ஊதாத் துணி.

"எங்கம்மா, கிருபா" என்றான் டெனிஸ். "செத்துப் பல வருஷம் ஆச்சு. அந்தப் படத்தைத் தவக்காலத்துல கூட மூட மாட்டாங்க."

"பக்கத்துலயே உங்க தாத்தா ஃபோட்டோ இருக்கு. அதை மூடலை. அந்தம்மா கண்ணுக்கு மட்டும் பயந்த ஆளு. அப்படின்னா அவங்க ரத்தச் சொந்தம். மூணே பேரு. நீ, உன் அண்ணன் ஜெஃப்ரி, உன் மாமா."

வெளியே பூசை தொடங்குவதற்கான மணி அடித்தது. கதவைத் தட்டிக்கொண்டிருந்த கைகள் கோயிலுக்குள் போயின.

"ஆஸ்டின், ஒரு சந்தேகம். கொலை பண்ணிட்டு ஒரு கத்தோலிக்கன் பூசையில நன்மை, அதான் ஆண்டவர் உடம்புன்னு குடுக்கிற அப்பம், வாங்கலாமா?"

"ஐயையோ! சாவான பாவம் மேடம். சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணாம வாங்கினா, தன் தீர்ப்பைத் தானே தின்ற மாதிரி. நான் அஞ்சு வருஷமா கோயில் பக்கமே தலை வெச்சுப் படுக்கலை. என்னையே இப்ப வாங்கச் சொன்னா கை கால் உதறும்."

"பாவசங்கீர்த்தனம் பண்ணியிருந்தா?"

"சாமியார் முதல்ல, 'போலீஸ்கிட்ட போ, இன்னொருத்தன் உனக்காக அடி வாங்குறான்'னு சொல்லியிருப்பாரு. போகாதவனுக்கு மன்னிப்பு ஏது?"

"அப்படின்னா இன்னிக்கு நற்கருணை வரிசைதான் நம்ம அடையாள அணிவகுப்பு. போய் உட்காரு. யாரு எழுந்திருக்கலைன்னு பார்த்துட்டு வா."

"இன்னா மேடம், கடைசியில என்னைக் கோயிலுக்கு அனுப்பிட்டீங்களே. எங்கம்மா கேட்டா மொட்டை போட வேளாங்கண்ணிக்கே கிளம்பிடும்."

கோயிலுக்குள் சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. மூடிய சவப்பெட்டி நடுவில் இருந்தது. திறந்து வைக்கிற நிலையில் வாத்தியாரின் முகம் இல்லை. ஆஸ்டின் பக்கவாட்டுத் தூண் ஓரமாக உட்கார்ந்து முன்வரிசையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தான். ஜெஃப்ரி குனிந்த தலை நிமிராமல் இருந்தான். சூசைநாதன் எழுந்து போய் முதல் வாசகத்தைக் கணீரென்று வாசித்துவிட்டு வந்தார். கல் எறியத் தூண்டிய அதே குரல்தானா இது என்று ஆஸ்டினுக்கு வயிறு எரிந்தது.

நன்மை கொடுக்கும் நேரம் வந்தது. ஃபாதர் கஸ்பார் பீடத்திலிருந்து இறங்கி வந்து நின்றார். குடும்பத்தார் முதலில் எழுந்தார்கள். சூசைநாதன் போனார். அத்தைகள் போனார்கள். சித்தப்பா பிள்ளைகள் போனார்கள். முன்வரிசை காலியானது.

ஜெஃப்ரி மட்டும் எழுந்திருக்கவில்லை.

பின்னால் இருந்த பெண்மணி அவன் தோளைத் தொட்டு, போப்பா என்றாள். அவன் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, முகம் வெளிற, பக்கக் கதவு வழியே வெளியேறினான். ஆஸ்டின் தூணைச் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடினான்.

கோயிலுக்குப் பின்புறம் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஜெஃப்ரி தன் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். பொத்தேரியில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிற ஆள். படித்தவன், மென்மையானவன் என்று கேள்விப்பட்டிருந்தான் ஆஸ்டின்.

"சார், அப்பாவை அடக்கம் பண்றதுக்கு முன்னாடியே கிளம்பிட்டீங்க. வீட்டுல கேஸ் அணைக்க மறந்துட்டீங்களா?"

மென்மையானவனின் குத்து நேராக மூக்கில் விழுந்தது. ஆஸ்டின் தடுமாறுவதற்குள் ஜெஃப்ரி அவன் தலைமுடியைப் பிடித்து பெட்ரோல் டேங்கின் மேல் மோதினான். ஒருமுறை, மறுமுறை. ஆஸ்டினின் கண்ணுக்குள் கிறிஸ்துமஸ் ஸ்டார் எல்லாம் எரிந்தது. மூன்றாவது மோதலுக்குத் தலையைத் தூக்கிய நேரம், ஒரு ஹெல்மெட் பறந்து வந்து ஜெஃப்ரியின் முழங்காலைத் தாக்கியது. அவன் அலறிக்கொண்டு சரிந்தான். ஹெல்மெட் உயிர் காக்கும் என்று ரோட்டோரத்தில் எழுதி வைத்திருக்கிறார்களே, அதன் அர்த்தம் ஆஸ்டினுக்கு அன்றுதான் விளங்கியது.

எறிந்த ஹேமாவதி நிதானமாக நடந்து வந்தாள். "ஏன் நன்மை வாங்கலை ஜெஃப்ரி?"

"உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"உன் தம்பியை அடிச்சே கொல்லப் போறாங்க. அது வந்துச்சு."

ஜெஃப்ரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதான். ஆஸ்டின் எதிர்பார்த்த அழுகை இது இல்லை.

"நான் ரெஜிஸ்டர் மேரேஜ் பண்ணிட்டேன் மேடம். அவ பேரு நித்யஸ்ரீ. என் கூட வேலை பார்க்கிறவ. கோயில்ல கல்யாணம் முடிக்காதவன் நன்மை வாங்கக் கூடாது. அப்பாவுக்குச் சொல்லலை. நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிப் போட்டேன், இப்ப அவரே இல்லை. மாமாவுக்குத் தெரிஞ்சா என்னையும் டெனிஸ் மாதிரி ஜாதிப்பிரஷ்டம் பண்ணிடுவாரு. அதான் யாரும் கேள்வி கேட்கிறதுக்கு முன்னாடி போயிடலாம்னு..."

"ஞாயித்துக்கிழமை சாயந்திரம் எங்கே இருந்தே?"

"நித்யா வீட்டுல. விஷயத்தைச் சொல்லலாம்னு போனோம். அவங்க அப்பா பத்ரிநாராயணன் என்னை வாசல்ல இழுத்துப் போட்டு அடிச்சாரு." சட்டையைத் தூக்கிக் காட்டினான். முதுகில் பெல்ட் தடங்கள் கன்றிக் கிடந்தன. "தெருவே வேடிக்கை பார்த்துச்சு. யாரை வேணாலும் கேளுங்க. அங்கே இருக்கும்போதுதான் அப்பா போயிட்டாருன்னு ஃபோன் வந்துச்சு."

ஹேமாவதி அந்த முதுகைப் பார்த்துவிட்டு, அவன் கையைப் பிடித்துத் தூக்கி விட்டாள். "போ. உங்க அப்பாவுக்கு மண் போடு."

அவன் நொண்டிக்கொண்டு போனதும் ஆஸ்டின் மூக்கைப் பொத்திக்கொண்டு முனகினான். "பேஜாராப் போச்சு மேடம். கல்யாணம் பண்ணவன் ஒருத்தன், உதை வாங்கினவன் நான். மிச்சம் எல்லாரும் வாங்கிட்டாங்க. உங்க அணிவகுப்பு புட்டுக்கிச்சு. மாமா கூட ரெண்டு கையையும் பவ்வியமா நீட்டி வாங்கிட்டு, கர்ச்சீப்பால கண்ணைத் தொடைச்சுக்கினு போனாரு. இன்னா நடிப்பு! கொரோனா நேரத்துல, மாஸ்க் போட்டுக்கினு சாமியார், 'ஐயா, தயவுசெஞ்சு கையில வாங்குங்க'ன்னு கெஞ்சினாரு. 'ஆண்டவரை என் அழுக்குக் கையால தொட மாட்டேன், நாக்குலதான் வைக்கணும்'னு பூசையையே நிறுத்திட்டு சண்டை போட்டவர் இந்த மனுஷன். விசாரிக்கப் போனப்ப பங்கே சொல்லிச் சிரிச்சுது. நான்கூட..."

ஆஸ்டினின் வாய் அப்படியே நின்றது. ஜோக் பாதியிலேயே செத்துப்போனது.

"சொல்லு" என்றாள் ஹேமாவதி மெதுவாக.

"மேடம், அவரு பொறந்ததுலருந்து கையில வாங்கினதே கிடையாது."

"நாக்குல வெச்சா?"

"விழுங்கித்தான் ஆகணும். சாமியார் நேரா நின்னு பார்க்கிறாரு."

"கையில வாங்கினா?"

"வாய்க்குக் கொண்டு போற மாதிரி காட்டிட்டு..." ஆஸ்டின் வெறும் கையை வாயருகே கொண்டுபோனான். அப்படியே கண்ணைத் துடைப்பது போல இறக்கினான். "கர்ச்சீப்புக்குள்ள! மேடம், அவரு துக்கத்துல கண்ணைத் தொடைக்கலை!"

"வரிசையில போகாம இருந்தா ஊர் கேட்கும். துணைத் தலைவர் ஏன் வாங்கலைன்னு. போனா விழுங்கணும். விழுங்கப் பயம். இப்ப அதை என்ன பண்ணுவாரு? தூக்கிப் போடுவாரா?"

"ஆண்டவரை யாராவது தூக்கிப் போடுவாங்களா மேடம்? செத்தாலும் மாட்டாரு."

"கொலை பண்ணலாம், பெத்த பிள்ளை மாதிரி வளர்ந்த பையனை மாட்டி விடலாம், இதை மட்டும் தூக்கிப் போடக் கூடாது." ஹேமாவதி ஹெல்மெட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "அப்ப இன்னும் அவர் பையிலதான் இருக்கு. வா."

கல்லறைத் தோட்டம் கோயில் மதிலை ஒட்டியே இருந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பெட்டியைக் குழிக்குள் இறக்கிவிட்டிருந்தார்கள். செம்மண் குவியலில் மண்வெட்டி செருகி நின்றது. ஜெஃப்ரி ஒரு பிடி மண் போட்டுவிட்டு ஒதுங்கினான். சுப்பராயலுவும் மூன்று கான்ஸ்டபிள்களும் டெனிஸை நடுவில் விட்டு அழைத்து வந்தார்கள். கூட்டம் நெருங்கியது. மறுபடி கைகள் குனிந்து எதையோ பொறுக்கின.

சூசைநாதன் குழிக்கு முன்னால் வந்து குறுக்கே நின்றார். "இவன் கை மண்ணு என் மச்சான் பெட்டி மேல விழக் கூடாது. விழுந்தா இங்கேயே இவனையும் சேர்த்துப் புதைங்க!"

"புதை அவனை!" என்று யாரோ கத்தினார்கள். பறந்து வந்த ஒரு செங்கல் துண்டு டெனிஸின் நெற்றியைப் பிளந்தது. அவன் மண்டியிட்டு விழுந்தான்.

ஹேமாவதி நேராக சூசைநாதன் முன்னால் போய் நின்றாள். "சார், பையன் நெத்தியில ரத்தம் கொட்டுது. உங்க கர்ச்சீப்பைக் கொஞ்சம் குடுங்க."

சூசைநாதனின் வலது கை தானாகச் சட்டைப் பையை மூடிக்கொண்டது. "என்கிட்ட இல்லை."

"பூசையில கண்ணைத் தொடைச்சீங்களே."

"இல்லைன்னு சொல்றேன்ல!"

ஹேமாவதி திரும்பினாள். "ஃபாதர், இவர் இன்னிக்கு நன்மையை எதுல வாங்கினார்?"

ஃபாதர் கஸ்பார் குழம்பிப்போய், "கையில" என்றார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. கூட்டத்தின் முணுமுணுப்பு அடங்கியது. அந்த மனிதர் கையில் வாங்கமாட்டார் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"சூசைநாதன்," என்றார் ஃபாதர். "உட்கொண்டீங்களா?"

சூசைநாதனின் கை பையை இன்னும் இறுக்கிப் பிடித்தது. ஆஸ்டின் எட்டி அந்தக் கையைப் பிடித்து இழுத்தான். பையிலிருந்து மடித்த கைக்குட்டை வெளியே வந்தது, விரிந்தது. வெள்ளை வெளேரென்று வட்டமான ஒரு அப்பம் செம்மண்ணில் விழுந்தது.

"சர்வேசுரா!" என்று ஒரு பெண் அலறினாள். ஃபாதர் கஸ்பார் அங்கியோடு அப்படியே மண்ணில் முழங்காலில் விழுந்தார். அவரைப் பார்த்து அத்தனை பேரும் விழுந்தார்கள். கல் வைத்திருந்தவர்கள் கல்லைப் போட்டுவிட்டு விழுந்தார்கள். ஐந்து வருஷமாகக் கோயில் பக்கம் போகாத ஆஸ்டினின் கால்கள் கூட அவனைக் கேட்காமலே மடங்கின. அவனுக்கே அது வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

முழங்காலில் இல்லாமல் மண்வெட்டியைப் பிடுங்கியவர் சூசைநாதன் ஒருவர்தான்.

முதல் வீச்சு சுப்பராயலுவின் தோளில் இறங்கியது. இன்ஸ்பெக்டர் துப்பாக்கியைத் தொடுவதற்குள் சுருண்டார். தடுக்க எழுந்த கான்ஸ்டபிள் ஒருவரின் தாடையை மண்வெட்டிக் காம்பு உடைத்தது. அடுத்த வீச்சு ஹேமாவதியின் தலையைக் குறி வைத்து மேலே எழும்பியது.

அவளுக்கு முன்னால் வந்து நின்றவன் டெனிஸ். விலங்கு போட்ட இரண்டு கைகளையும் தூக்கிக் குறுக்கே பிடித்தான். இரும்பு விளிம்பு முன்கையில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஆனாலும் அவன் கையை எடுக்கவில்லை. ஆஸ்டின் பாய்ந்து சூசைநாதனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு புரண்டான். இருவரும் குழியின் விளிம்பில் விழுந்தார்கள். சூசைநாதனின் விரல்கள் ஆஸ்டினின் குரல்வளையை நெரித்தன. ஹேமாவதி ஆஸ்டினின் கையிலிருந்து நழுவிய ஹெல்மெட்டை எடுத்து அந்த மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள், விரல்கள் விடும்வரை அடித்தாள். கான்ஸ்டபிள்கள் அவரைக் குப்புறத் தள்ளி முதுகில் ஏறி உட்கார்ந்தார்கள்.

ஹேமாவதி மூச்சு வாங்கக் குனிந்தாள். "சுரூபத்தை மூடினீங்க, புரியுது. தங்கச்சி படத்தை ஏன் மூடினீங்க?"

மண்ணில் கன்னம் பதிந்திருந்த சூசைநாதன் அந்தக் கேள்விக்குத்தான் உடைந்தார்.

"அவகிட்ட சத்தியம் பண்ணோம். நானும் அவ புருஷனும். அந்தப் பீடத்துக்கு முன்னாடி. இவன் யாருன்னு யாருக்கும் சொல்ல மாட்டோம்னு." இருமினார். "எனக்குப் பெரிய இடத்துல பொண்ணு நிச்சயமாகியிருந்துச்சு. அந்த நேரத்துல வேற ஒருத்தி வயித்துல என் பிள்ளை. அவ பிரசவத்துலயே போயிட்டா. கிருபாதான் தூக்கிட்டு வந்து தன் பிள்ளைன்னு வளர்த்தா."

"டெனிஸ்" என்றாள் ஹேமாவதி.

"சபைக்குப் போனவனை வீட்டை விட்டுத் துரத்துன்னு சொன்னேன். செத்தா மண் போடக்கூட விடாதேன்னு சொன்னேன். வாத்தியாருக்குக் கோபம் வந்துருச்சு. 'யாரு பிள்ளையை யாரு துரத்தச் சொல்றது? இன்னிக்கு அவன் சாப்பாடு கொண்டு வருவான். நீ சூசைநாதன் பிள்ளைடான்னு சொல்லிடுறேன்'னாரு. பங்குல என் பேரு, என் மரியாதை... கையில தண்டு வந்தது எனக்குத் தெரியலை. அப்புறம் நிமிர்ந்தா எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க. மாதா பார்க்குது. அவ பார்க்கிறா."

முழங்காலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒரு நிமிஷம் முன்பு கீழே போட்ட கற்கள் மறுபடி அவர்கள் கைகளுக்கு வந்தன. இந்த முறை குறி வேறு. முதல் கல் சூசைநாதனின் முதுகில் விழுந்தது. அடுத்தது அவர் காதில். "பெத்த பிள்ளையைத் தூக்குல போடப் பார்த்த பாவி!" என்று, சற்று முன்பு டெனிஸை செருப்பால் அடித்த அதே ஆள் கத்தினான். ஆஸ்டினுக்கு அவன் பல்லை உடைக்க வேண்டும் போல இருந்தது.

சுப்பராயலு ஒற்றைக் கையால் டெனிஸின் விலங்கைக் கழற்றினார். அதே விலங்கை சூசைநாதனுக்கு மாட்டினார். ஜெனி ஓடி வந்து கணவனைத் தாங்கினாள். டெனிஸின் இடது கை உயிரில்லாமல் தொங்கியது. அவன் யாரையும் பார்க்கவில்லை. வலது கையால் செம்மண்ணை அள்ளினான்.

கற்கள் மேலும் விழுந்தன. சூசைநாதன் விலங்கு போட்ட கைகளை அவனை நோக்கி நீட்டினார். முகமெல்லாம் மண்ணும் ரத்தமும்.

"டேய் டெனிஸ்! நான் உன் அப்பன்டா! இவங்ககிட்டயிருந்து என்னைக் காப்பாத்துடா! உன்னைப் பெத்த அப்பன்டா நான்!"

கூட்டம் கைகளை ஓங்கியபடியே நின்றது. டெனிஸ் குழிக்கு அருகே போய் மண்டியிட்டு, கையிலிருந்த மண்ணைப் பெட்டியின் மேல் மெல்லத் தூவினான். பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

"எங்க அப்பாவைப் புதைச்சுக்கிட்டிருக்கோம். கொஞ்சம் சத்தம் போடாம இருங்க, மாமா."